முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போன் பண்ணாதே என்று சொன்னாய், பண்ணவில்லை. கடிதம் எழுதாதே என்று நீ சொல்லவில்லை. ஆத்திரத்தில் மறந்திருப்பாய்.

இந்தப் பெட்டியில் ஒரு மெஷினும், கால்களில் சுற்றுகிற இரண்டு காற்று உறைகளும் இருக்கின்றன. திறந்ததும் உன் மனைவி 'பழசா' என்று முகத்தைச் சுளிப்பாள். ஆமாம், பழசுதான். எங்கள் வார்டில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவுக்காக அவர் வீட்டார் வாங்கியது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிறது. கூட வந்த விளக்கப் புத்தகத்தைத்தான் தொலைத்துவிட்டார்கள். எனக்கு அது தேவையில்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் போட்டுக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தேவை. இந்தக் கடிதத்தையே புத்தகமாக வைத்துக்கொள்.

நடக்கிற மனிதனுக்குக் கெண்டைக்கால் சதைதான் பம்பு. அடி வைக்க வைக்க அது ரத்தத்தை மேலே தள்ளும். அப்பா இடுப்பில் கம்பியோடு படுத்துக் கிடக்கிறார், அந்தப் பம்பு ஓடவில்லை. ரத்தம் காலிலேயே தேங்கும், தேங்கினால் கட்டும், கட்டினது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுக்கலாமென்றால் அவருக்கு வயிற்றுப்புண். அதனால்தான் இந்த மெஷின். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நானே கேட்டுவிட்டேன், தாராளமாகப் போடுங்கள் என்றார்.

உறையைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றி ஒட்டுப்பட்டையை ஒட்டு. உள்ளே உன் விரல் போக இடம் இருக்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. சுவிட்சைப் போட்டால் ஒரு காலைப் பிடிக்கும், விடும், பிறகு அடுத்த காலைப் பிடிக்கும். படுத்திருக்கும் நேரமெல்லாம் காலில் இருக்க வேண்டும். குளிக்கவும் நடக்கவும் மட்டும் கழற்று. காலையும் மாலையும் உறையை எடுத்துத் தோலைப் பார். கழற்றி வைத்த நேரத்துக்கு அது வெறும் பெட்டிதான்.

மிக முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன், கவனமாகப் படி.

அப்பாவை என்னிடம் அனுப்பு என்று எத்தனை முறை கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிரேயே வீடு, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா. பிள்ளை வீட்டில் இருப்பதுதான் மரியாதை என்றாய். மரியாதையோடு வழுக்கி விழுந்தார். நான் சொன்னது உனக்குச் சுட்டது, அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது. குளியலறைத் தரையை உன் மனைவி துடைக்காமல் விட்டதால்தான் அவர் விழுந்தார். இனியாவது தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். அவர் எழுந்து நடக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கே கிடக்கக் கூடாது. கவனம்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

பெட்டி வந்தது. கடிதமும் வந்தது. மெஷினைவிடக் கடிதத்தில் காற்றழுத்தம் அதிகம்.

நீ சொன்னபடியே போட்டாயிற்று. அப்பா முதலில் காலை உதறினார். மாலைக்குள் சமாதானமாகிவிட்டார். அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். நீ கேட்டால் கோபப்படுவாய் என்பதால் கட்டாயம் சொல்கிறேன். "இது உங்க அக்காவேதான்டா. வந்து பிடிக்கிறா, விடுறா, மறுபடி பிடிக்கிறா. வாய் மட்டும் ஓயலை" என்றார். அந்த முணுமுணுப்புச் சத்தத்தைச் சொல்கிறார். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அது அக்காதான். "அக்காவைக் கழற்றுங்க, முகம் கழுவணும்" என்கிறார்.

உன் கடிதத்தை என் கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கட்டிலருகே ஆணியில் மாட்டிவிட்டேன். புத்தகமாக வைத்துக்கொள் என்றாய் அல்லவா. ஊரார் சான்றிதழுக்கெல்லாம் உறை போடுகிறவன், அக்கா வாக்குக்குப் போட மாட்டேனா. என் மனைவியைத் திட்டிய பக்கம் சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. அவள் அதைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து குளியலறையைத் துணி போட்டுத் துடைத்துவிட்டு, மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்க்கிறாள்.

அவளுக்குப் பெயர் உண்டு, உறவும் உண்டு. 'உன் மனைவி' என்றே எழுதுகிறாய். அவளுக்கு நீ அண்ணி. அப்பாவுக்கு மலஜலம் எடுப்பவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே வீடு வைத்திருப்பவள் அல்ல.

உறை வெளிர் நிறத்தில் இருக்கிறது, இரண்டே நாளில் அழுக்காகிவிடும். இரவல் மாதிரி வந்த பொருளைக் கெடுக்கக் கூடாது என்று கடையிலிருந்து நல்ல கண்ணாடித் தாள் கொண்டுவந்து உள்ளேயும் வெளியேயும் சுற்றிவிட்டேன். புதுசு மாதிரி இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

இதைப் படித்து முடிக்காதே. எழுந்து போய் அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறி. பிறகு வந்து படி.

கிழித்தாயா? உறைக்கு எதற்கடா உறை? ரிமோட்டுக்கு ஜட்டி போட்டாய், சிரித்தோம். சோபாவுக்குப் போட்டாய், உட்கார்ந்தவர்கள் வேர்த்து வழிந்தோம். இது அப்பாவின் தோல். எண்ணெய்த்தாள் மாதிரி மெலிந்து கிடக்கும் கிழவர் தோல். வேர்வை உள்ளேயே நின்றால் ஊறிப் புண்ணாகும். உறைக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய பருத்திக் காலுறை இருக்கலாம், வேறு எதுவும் இருக்கக் கூடாது. அழுக்கானால் ஆகட்டும், துவைக்கலாம். மெஷினைக் காப்பாற்றச் சொல்லி நான் அனுப்பவில்லை.

மெஷினுக்கு என் பெயர் வைத்தது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று அப்பாவிடம் சொல். சொல்லாதே. என் பெயரிலாவது ஒன்று அவர் காலடியில் கிடக்கட்டும்.

எனக்கு வீடு எதிரே இருப்பதைக் குத்திக் காட்டுகிறாய். இங்கே ஒரு நாள் லீவு கேட்டால் நான் கேட்கும் முன்பே தலையாட்டி மறுக்கிறார்கள். தினமும் யார் யாருடைய அப்பா காலையோ தூக்கி மடியில் வைத்து உறையைச் சுற்றுகிறேன். ஒவ்வொரு கெண்டைக்காலையும் தொடும்போது நம் அப்பாவுடையது எப்படியிருக்கிறது என்று தெரியவில்லையே என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் பஸ்ஸின் கிளட்ச் மிதித்து இடது கெண்டை உருண்டு திரண்டிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதன்மேல் நம்மை நிற்க வைத்து ஆட்டுவார். நீ விழுந்தாய், நான் விழவில்லை.

அடிக்கடி எழுது. மெஷின் எத்தனை நேரம் ஓடுகிறது என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

நீ எழுதும் முன்பே புண் வந்துவிட்டது. இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே தோல் வெள்ளையாக ஊறி, கொப்புளம் உடைந்து சிவந்து கிடக்கிறது. சந்தோஷமாக இரு, நீ சொன்னதுதான் நடந்தது.

மெஷினை நிறுத்திவிட்டோம். நான் நிறுத்தவில்லை, அவள்தான் கழற்றினாள். "புண்ணு மேல காத்தடிச்சு இறுக்கினா மனுஷன் தாங்குவாரா?" என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. இப்போது அது பீரோவின் மேல் தலையணை உறைக்குள் இருக்கிறது. உடனே நீ குதிக்காதே, பருத்தி உறைதான். அப்பா விடுதலை ஆனவர் மாதிரி இருக்கிறார். "உங்க அக்கா ஊருக்குப் போயிட்டாளா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். புண் நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்கலாம்.

நடக்க வைக்கப் பார்க்கிறேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை வந்தார், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை நேரம் ஓடுகிறது என்று எழுதச் சொன்னாய். நான் உன் வார்டில் வேலை பார்க்கவில்லை. அம்மா போனதிலிருந்து நீ அனுப்புவதெல்லாம் பொருள். சக்கர நாற்காலி வந்தது, கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு வந்தது, இப்போது இது. ஒவ்வொன்றோடும் ஒரு கட்டளை. ஆள் மட்டும் வருவதில்லை. அவர் வாசலைப் பார்க்கும்போது என்ன பதில் சொல்வதென்று அதையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு, லேமினேட் செய்து மாட்டுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நிறுத்திவைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பீரோ மேல் வைக்கவா அனுப்பினேன்?

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷம் மெஷினை எடுத்து இரண்டு காலிலும் போடு. காலில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று எனக்குக் கதை எழுதாதே. வலிக்கிறது என்பார், இறுக்குகிறது என்பார், வேண்டாம் என்பார். கேட்காதே. உன் மனைவி நடுவில் வந்து நியாயம் பேசினால் அதையும் கேட்காதே. யார் என்ன சொன்னாலும் போடு. உயிர் போகிற விஷயம் இது. இதுவரை நீ செய்த கூத்துப் போதும், ஒரு முறையாவது நான் சொன்னதை அப்படியே செய்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். அதை விட்டுவிடு, இதற்குப் பதில் சொல்.

இன்று காலை அப்பாவுக்குக் கால் துடைக்கும்போது கவனித்தேன். இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. வலதுகாலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. தோல் பளபளவென்று இறுகி, தொட்டால் சூடாக இருக்கிறது. அழுத்தினால் முகம் சுளிக்கிறார். கேட்டால், "கிளட்ச் மிதிச்ச கால்டா, அது அப்படித்தான்" என்கிறார். புண்ணால் வந்த வீக்கமோ என்று பார்த்தேன். புண் காய்ந்துவிட்டது.

டாக்டரிடம் காட்டும் தேதி அடுத்த வாரம்தான். இவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்று யோசனையாக இருக்கிறது. மெஷினைப் போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது, பிடித்துப் பிடித்து விடுவதுதானே அதன் வேலை. அவள் மட்டும், "அண்ணியைக் கேட்காம போடாதீங்க" என்கிறாள். உன் தாளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன்.

போனைக் கையில் எடுத்தேன். நீ எடுத்ததும், "இப்ப என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றுதான் கேட்பாய். வைத்துவிட்டேன். கடையை விட்டு நேரே போய் இதை விரைவுத் தபாலில் போடப்போகிறேன்.

போடலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுது. நீ எது சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி


மார்ச் 12

அக்கா,

வந்தாய், அப்பாவின் காலடியில் நின்றாய், போனாய். நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நீ மூலையில் கிடந்த அந்த மெஷினின் குழாயைச் சிக்கெடுத்து, வளையமாகச் சுற்றி, உறைக்குள் செருகி வைத்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வார்டில் ஒரு நோயாளி காலி செய்த கட்டிலைச் சுத்தம் செய்வது மாதிரி இருந்தது.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் கடிதம் பிற்பகலில் வந்தது. என் கேள்விக்கு வந்த பதில் என்றே நினைத்தேன். அப்படித்தான் எழுதியிருந்தாய். காலில் அது இருக்கிறது இது இருக்கிறது என்று சொல்லாதே, யார் என்ன சொன்னாலும் போடு. தேதியை அப்புறம்தான் பார்த்தேன், பார்த்து ஒரு புண்ணியமும் இல்லாத நேரத்தில்.

அவள் தடுத்தாள். "இவ்வளவு வீங்கியிருக்கே, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "அதான் அக்காவே எழுதிட்டாளே, உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டேன். ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

விரல் போக இடம் விட்டுத்தான் சுற்றினேன். குழாய் மடங்கவில்லை. அப்பா, "வந்துட்டாளா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னைக்கு ரொம்பப் பலமா பிடிக்கிறாடா" என்றார். நீ கேட்காதே என்று எழுதியிருந்தாய், கேட்கவில்லை. அவருக்குப் பழையபடி காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வரலைடா" என்றார். அவள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். வண்டியில் என் மடியில்தான் இருந்தார். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது உயிர் இல்லை.

ரத்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். இடது காலில் ஏற்கெனவே கட்டியிருக்கிறது, அந்தக் காலில் மெஷின் போட்டிருக்கவே கூடாது என்றார் டாக்டர். மெஷின்தான் கிளப்பிவிட்டதா என்று கேட்டேன். இருக்கலாம், தானாகவும் கிளம்பியிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாததை வைத்துக்கொண்டு நான் இனி எத்தனை காலம் இருப்பேன், சொல்.

கட்டிலைக் கழற்றும்போது உன் தாள் ஆணியில் அப்படியே தொங்கியது. எடுத்து உட்கார்ந்து படித்தேன். 'மிக முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் குளியலறைத் தரை இருக்கிறது. அதுதான் அந்த முக்கியமான விஷயம் என்று நாங்கள் நினைத்தோம், அக்கா. ஒரு நாள் தவறாமல் துடைத்தோம். அவர் போன அன்று காலையிலும் அவள் மண்டியிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். காய்ந்த துணி மாதிரி இருந்தது தரை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தத் தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன். மெஷினைத் தனியாக அனுப்புகிறேன். இனி இந்த வீட்டுக்கு எதையும் அனுப்பாதே. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். என் கடிதம் உனக்கு எப்போது கிடைத்தது?

தம்பி


மார்ச் 19

தம்பி,

எப்போது கிடைத்தது என்று கேட்டாய். அப்பாவைப் பற்றி அவள் போனில் சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறிவிட்டேன், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்து கதவைத் தள்ளினால் ஏதோ காகிதம் தடுத்தது. உன் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே படித்தேன். நான் வார்டில் இருந்தபோதே வந்திருக்கிறது, பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்டு வாங்கிச் செருகியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாலையைக் கடந்து வந்திருந்தால் கையில் கிடைத்திருக்கும். எதிரே இருக்கிற வீடு.

முதலில் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. சூடாக வீங்கிய காலைப் பார்த்துவிட்டு எவனாவது தபால் ஆபீசுக்குப் போவானா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல்? இன்னும் அந்த ஆத்திரம் இருக்கிறது. போகாது. என் குரலுக்குப் பயந்து போனை வைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. நீ நினைத்தது சரி. அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பிறகு உன் லேமினேட் தாள் வந்தது. முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன் என்று எழுதியபோது அது என் மனதில் தெளிவாக இருந்தது. வார்டுக்கு வரும் புதுப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நடுவில் நம் சண்டை ஞாபகம் வந்தது. உனக்கு உறைக்கும்படி எழுத வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன், நன்றாக எழுத வந்தது, தாளும் முடிந்துவிட்டது. எழுதியாயிற்று என்றே நினைத்து ஒட்டினேன். ஒரு வரிக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் தரை இருக்கிறது.

அதைக் கிழிக்கப் பார்த்தேன். உன் வேலை, கிழியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாலும் எழுத்து எழுத்தாக அப்படியே இருக்கிறது. விட்டுவிட்டேன்.

அவள் இரண்டு தடவை தடுத்திருக்கிறாள். எழுதிய என்னைவிட, படித்த உன்னைவிட, தொட்டுப் பார்த்த அவளுக்கு அது புரிந்திருக்கிறது. அண்ணி சொன்னாள் என்று சொல்லாதே, நீயாகவே சொல்வதுபோல் சொல். இனி அவள் குளியலறையில் மண்டியிட வேண்டாம். அப்பா விழுந்த அன்று தரை ஈரமாக இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

மெஷின் வந்து சேர்ந்தது. மேஜைமேல் இருக்கிறது. ஒரு முறை சுவிட்சைப் போட்டேன், வெறும் உறைகள் உப்பி அடங்கின, அணைத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்க மனமில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

எதையும் அனுப்பாதே என்றாய். இதுதான் கடைசி. ஒரு வரி எழுது, நீ எது சொன்னாலும் செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். உன் வாழ்நாளில் நீ என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போடாதே, தம்பி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் போடவே கூடாது. பிடித்துவிடாதே, தேய்க்காதே, நடக்க வைக்காதே. காலை ஆட்டாமல் இப்போதே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அக்கா